டெல்லிக்குப் பறப்பது 2 மணி 20 நிமிடம். டிக்கெட்டில் 2 மணி 50 நிமிடம்! மீதி அரை மணி எங்கே போகிறது?

சென்னையில் இருந்து டெல்லிக்கு விமானத்தில் போக எவ்வளவு நேரம் ஆகும்?

இந்தக் கேள்வியை மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பதில் வருகிறது.

டிக்கெட் போட்டுக் கொடுக்கும் டிராவல்ஸ்காரர், "2 மணி 50 நிமிடம் சார். இதோ பாருங்க, டிக்கெட்லேயே போட்டிருக்கு" என்கிறார்.

போய்விட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர், "எங்கே சார், கிளம்பினதும் தெரியலே, இறங்கினதும் தெரியலே. ரெண்டேகால் மணியிலே முடிஞ்சு போச்சு" என்கிறார்.

டிசம்பர் மாதம் போனவரைக் கேட்டால் தலையில் அடித்துக் கொள்கிறார். "அதை ஏன் கேக்கறீங்க? ஜெய்ப்பூர்லே கொண்டு போய் இறக்கிட்டான். டெல்லி பார்க்கச் சாயந்திரம் ஆச்சு!"

மூன்று பேர் சொல்வதும் உண்மைதான். இதுபற்றிய விபரம் வருமாறு:-

நூல் பிடித்த கணக்கு

மீனம்பாக்கத்துக்கும் டெல்லி பாலம் விமான நிலையத்துக்கும் நூல் பிடித்தாற்போல நேர்கோடு போட்டால் தூரம் சுமார் 1,760 கிலோ மீட்டர். பூமி உருண்டை மேல் இழுத்துப் பிடித்த நூல் இது. ஆகாய மார்க்கத்தில் இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

சிலர் "950 மைல்தான்" என்பார்கள். வேறு சிலர் "இல்லை, 1,094 மைல்" என்று சண்டைக்கு வருவார்கள். இரண்டும் ஒரே தூரம்தான்! விமானிகள் கடல் மைலில் கணக்குப் பார்க்கிறார்கள். கடல் மைல் ஒன்று 1.852 கிலோ மீட்டர். ரோட்டு மைல் அதைவிடச் சின்னது. எந்த மைல் என்று சொல்லாமல் பேசினால் டீக்கடையில் அடிதடிதான் நடக்கும்.

ரெயிலில் போனால் தூரம் ஏறக்குறைய 2,180 கிலோ மீட்டர். சென்டிரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஏறி உட்கார்ந்தால் 33 மணி நேரம். அதாவது இரண்டு ராத்திரி, ஒரு முழுப் பகல். 1976-ம் ஆண்டில் அந்த ரெயில் விடப்பட்டபோது, டெல்லிக்கு இவ்வளவு சீக்கிரமா என்று ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். இப்போது விமானம் அரை மணி லேட் என்றால் ஊரையே கூட்டுகிறார்கள்!

சுமார் 35 ஆயிரம் அடி உயரத்தில் இன்றைய ஜெட் விமானம் மணிக்கு 830 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கிறது. 1,760-ஐ 830-ஆல் வகுத்தால் 2 மணி 7 நிமிடம் வருகிறது. அப்படியானால் டிக்கெட்டில் 2 மணி 50 நிமிடம் என்று போடுவது ஏன்? 43 நிமிடத்தை யார் விழுங்குகிறார்கள்?

கட்டை எடுத்ததும் மீட்டர் ஓடும்

இங்கேதான் விஷயமே இருக்கிறது. டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் அல்ல.

லாரியை மேட்டில் நிறுத்தும்போது கிளீனர் சக்கரத்துக்குக் கல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். விமானத்துக்கும் அதே மாதிரி முட்டுக்கட்டை வைக்கிறார்கள். சென்னையில் அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகர ஆரம்பித்ததில் இருந்து, டெல்லியில் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள மொத்த நேரம்தான் டிக்கெட்டில் இருப்பது. விமானக் கம்பெனிக்காரர்கள் இதை 'பிளாக் டைம்' என்கிறார்கள். ஆட்டோ மீட்டர் போலத்தான். சிக்னலில் நின்றாலும் மீட்டர் ஓடிக் கொண்டுதான் இருக்கும்.

முதலில் ஒரு டிராக்டர் வந்து விமானத்தைப் பின்னால் தள்ளுகிறது. விமானம் தன் எஞ்சின் பலத்தில் முன்னால்தான் போகும். நிற்கும் இடத்தில் இருந்து பின்னால் எடுக்க டிராக்டர் வேண்டும். பிறகு எஞ்சினை ஓட விடுகிறார்கள். அப்புறம் ஊர்ந்து ஊர்ந்து ஓடுபாதை முனைக்குப் போக வேண்டும். அங்கே முன்னால் நாலு விமானம் நின்றால் ஐந்தாவது ஆளாக நிற்க வேண்டியதுதான். பெரிய விமானம் ஒன்று கிளம்பினால் அதன் பின்னால் காற்று சுழல் போட்டுக் கொண்டு கிடக்கும். அது அடங்க இரண்டு மூன்று நிமிடம் விட்டுத்தான் அடுத்த விமானத்துக்கு அனுமதி.

சென்னையில் இரண்டு ஓடுபாதைகள் இருக்கின்றன. இரண்டு இருந்து என்ன, ஒன்றை ஒன்று வெட்டிக் கொண்டு போகின்றன! அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலத்தில் நடுவே வரப்பு ஓடுவது மாதிரி. ஒன்றில் விமானம் ஓடும்போது மற்றதில் உள்ளவர் நின்றுதான் ஆக வேண்டும்.

காற்று எந்தப் பக்கம்?

விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். பட்டம் விடுகிற பையனுக்குக்கூட இது தெரியும்.

காற்று கிழக்கே இருந்து வீசினால் விமானம் கடலைப் பார்த்துக் கிளம்புகிறது. டெல்லியோ வடக்கே இருக்கிறது. ஆகவே வளைந்து வடக்கே திரும்ப வேண்டும். மேற்குக் காற்று வீசும் காலத்தில் கடல் பக்கமாக வந்து, ஆலந்தூர், நங்கநல்லூர், பரங்கிமலைக்காரர்களின் தலைக்கு மேலே தாழப் பறந்து இறங்குகிறது. மொட்டை மாடியில் வடாம் காயப் போட்டிருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு இன்று காற்று எந்தப் பக்கம் என்று வானிலை அறிக்கை கேட்காமலே தெரிந்துவிடும்!

மேலே போவதற்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஏறும்போது முழு வேகம் கிடையாது. அதே போல இறங்குவதும் திடீரென்று நடக்கிற காரியம் இல்லை. டெல்லிக்கு 200 கிலோ மீட்டருக்கு முன்பே, ஆக்ரா பக்கம் நெருங்கும்போதே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். "இன்னும் அரை மணி இருக்கு, அதுக்குள்ளே பெல்ட் போடச் சொல்றாங்களே" என்று நினைக்கிறீர்களே, அது இதனால்தான். 10 ஆயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால் மணிக்கு 460 கிலோ மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று வேகக் கட்டுப்பாடு. ஓடுபாதையைத் தொடும்போது வேகம் சுமார் 250-தான்.

ஆக, இறக்கை காற்றில் இருக்கும் நேரம் 2 மணி 15 நிமிடத்தில் இருந்து 2 மணி 25 நிமிடம் வரை. பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு இதுதான்.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரமா? குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கில் இருந்து கிழக்கே பேய்க்காற்று ஒன்று ஓடுகிறது. டெல்லியில் இருந்து கவுகாத்திக்குப் போகிறவர்களை இந்தக் காற்று முதுகில் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது நெஞ்சில் கை வைத்துத் தடுக்கும். சென்னை விமானத்துக்கு அந்த வம்பு அதிகம் இல்லை. நம் பாதை தெற்கு வடக்கு. காற்று விலாவில்தான் அடிக்கும். போகும்போது கொஞ்சம் இழுக்கும். வரும்போது கொஞ்சம் தள்ளும். அவ்வளவுதான்.

நாகபுரியில் நள்ளிரவு

இந்தப் பாதையில் சரிபாதித் தூரத்தில் இருக்கும் ஊர் நாகபுரி. கொஞ்சம் கிழக்கே ஒதுங்கி இருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஊருக்கு ஒரு பழைய கதை உண்டு. இன்றைக்கு விமானத்தில் சட்டென்று தாண்டிப் போகிறவர்கள் யாரும் அதை நினைப்பது இல்லை.

1949-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி இரவு விமானத் தபால் சேவை தொடங்கியது. அப்போது தகவல் தொடர்பு மந்திரியாக இருந்தவர் ரபி அகமது கித்வாய். ராத்திரி ஆனதும் சென்னை, டெல்லி, பம்பாய், கல்கத்தா ஆகிய நாலு ஊர்களில் இருந்தும் ஆளுக்கு ஒரு டகோட்டா விமானம் கிளம்பும். நாலும் நள்ளிரவில் நாகபுரியில் வந்து கூடும். மூட்டை மூட்டையாகத் தபால் பைகளை இறக்கி, அந்த ஊர்ப் பை இந்த விமானம், இந்த ஊர்ப் பை அந்த விமானம் என்று மாற்றி ஏற்றுவார்கள். பயணிகளும் கண்ணைக் கசக்கிக் கொண்டு மாறி ஏறுவார்கள். விடிவதற்குள் அவரவர் ஊரில் விமானம் இறங்கிவிடும்.

அதே ஆண்டு ஏப்ரலில் இருந்து உள்நாட்டுக் கடிதத்துக்கு விமானக் கட்டணம் என்று தனியாக வாங்குவதையும் நிறுத்தினார்கள். சாயந்திரம் மவுண்ட் ரோட்டில் தபால் பெட்டியில் போட்ட கடிதம் மறுநாள் டெல்லி போய்ச் சேர்ந்தது. எழுபதுகளின் தொடக்கம் வரை இந்த நள்ளிரவுச் சந்தை நடந்தது. இன்று கூரியர் ஆபீசில் "ரெண்டு நாள் ஆகும் சார்" என்று சொல்கிறார்களே என்று பெருமூச்சு விடும் ரிட்டையர்டு குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெருமூச்சில் நியாயம் இருக்கிறது.

டகோட்டாவின் வேகம் மணிக்கு 270 கிலோ மீட்டர் போல. சென்னை-டெல்லிக்கு ஆகாயத்தில் மட்டும் ஆறரை மணி நேரம். பிறகு வைக்கவுண்ட் வந்தது. 1964-ல் கேரவல் ஜெட் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் போயிங் 737 வந்தது. அதோடு சரி. அந்தப் போயிங் பறந்த வேகத்துக்கும் இன்றைய விமானத்தின் வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஐம்பது வருடமாக வேகம் அங்கேயே நிற்கிறது. நெரிசல்தான் ஏறிக் கொண்டே போகிறது. டெல்லி விமான நிலையத்தை ஆண்டுக்கு 7 கோடிப் பேருக்கு மேல் உபயோகிக்கிறார்கள்.

1973 மே 31

"நேரம் ஆயிடுச்சு, சட்டுனு இறக்க வேண்டியதுதானே? மேலேயே சுத்திக்கிட்டு இருக்கானே!" டெல்லிக்கு மேலே வட்டமடிக்கும் விமானத்தில் இந்தக் குரல் கேட்காத நாள் இல்லை.

சட்டென்று இறக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை-டெல்லி பாதையிலேயே ஒரு ரத்த சாட்சி இருக்கிறது.

1973-ம் ஆண்டு மே மாதம் 31-ந்தேதி. சென்னையில் இருந்து இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானம் டெல்லிக்குப் புறப்பட்டது. 440-ம் நம்பர் விமானம். பெயர் 'சாரங்கா'. பயணிகள், ஊழியர்கள் சேர்த்து 65 பேர் இருந்தார்கள்.

ராத்திரி 10 மணி வாக்கில் பாலத்தை நெருங்கியபோது டெல்லியில் புழுதிப்புயல். மே, ஜூன் மாதங்களில் அங்கே இது சகஜம். பத்து நிமிடத்தில் பகல் இரவாகும், இரவு கும்மிருட்டாகும். எதிரே உள்ள விளக்கு கண்ணுக்குத் தெரியாது.

விமானம் இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட உயரம் உண்டு. அந்த உயரத்துக்கு வந்ததும் விமானியின் கண்ணுக்கு ஓடுபாதை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒரு அடிகூடக் கீழே வரக்கூடாது. மூக்கைத் தூக்கிக் கொண்டு மேலே போய்விட வேண்டும். அன்று ஓடுபாதை தெரியாமலே, அந்த உயரத்துக்கும் கீழே விமானம் இறக்கப்பட்டது என்று பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது. ஓடுபாதைக்கு முன்னாலேயே உயர் அழுத்த மின்சாரக் கம்பிகளில் மோதி விமானம் தரையில் விழுந்து தீப்பிடித்தது.

48 பேர் பரிதாபமாக இறந்தார்கள். 17 பேர் உயிர் தப்பினார்கள்.

இறந்தவர்களில் மத்திய உருக்கு, சுரங்க மந்திரி மோகன் குமாரமங்கலமும் ஒருவர். முன்பு சென்னை முதல்-மந்திரியாக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன். கோவை எம்.பி.யாக இருந்த கம்யூனிஸ்டு தலைவர் பாலதண்டாயுதமும் அதே விமானத்தில் பலியானார். பஞ்சாப் முன்னாள் முதல்-மந்திரி குர்நாம் சிங்கும் இறந்தார். மறுநாள் காலை சென்னையிலும் கோவையிலும் சேலத்திலும் பத்திரிகையை வாங்கிப் பார்த்தவர்கள் இடிந்து போனார்கள்.

சென்னையில் இருந்து 1,750 கிலோ மீட்டருக்கும் மேல் பத்திரமாகப் பறந்து வந்த விமானம். கடைசி சில கிலோ மீட்டரில்தான் எல்லாம் முடிந்தது.

டிக்கெட்டில் உள்ள அந்த அரை மணியில் ஒரு பகுதி, இந்தக் கடைசிக் கிலோ மீட்டர்களுக்கு உள்ளதுதான். "வட்டம் போடு, காத்திரு, வரிசையில் வா, முடியாவிட்டால் மேலே போ" என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதற்கு உள்ள நேரம்.

இன்னொரு விபத்தும் டெல்லிக்குப் போகும் பாதைகளை மாற்றியது. 1996-ம் ஆண்டு நவம்பர் 12-ந்தேதி, அரியானாவில் சர்க்கிதாத்ரி என்ற ஊருக்கு மேலே, டெல்லியில் இருந்து கிளம்பிய சவுதி ஜம்போ ஜெட்டும், டெல்லியில் இறங்க வந்த கசகஸ்தான் விமானமும் நேருக்கு நேர் மோதின. 349 பேரும் மாண்டார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை. கிளம்பும் விமானமும் இறங்கும் விமானமும் ஒரே பாதையில், உயரத்தை மட்டும் மாற்றிக் கொண்டு போய்வந்த காலம் அது. கசகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்தைவிடக் கீழே வந்துவிட்டது. அதன் பிறகுதான் போக ஒரு பாதை, வர ஒரு பாதை என்று பிரித்தார்கள். எதிரே விமானம் வந்தால் எச்சரிக்கும் கருவியையும் கட்டாயம் ஆக்கினார்கள். நூல் பிடித்த கோட்டில் இன்று எந்த விமானமும் போவதில்லை. சுற்றுப்பாதைக்குச் சில நிமிடம் கூடத்தான் ஆகும்.

கேஸ் கூப்பிடும்போது ஆள் ஜெய்ப்பூரில்!

சென்னை-டெல்லி முதல் விமானத்தில் போகிறவர்களைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். உல்லாசப் பயணம் போகிறவர்கள் குறைவு. கையில் பைல் கட்டோடு இருப்பவர்கள் அதிகம். சுப்ரீம் கோர்ட்டு காலை 10.30 மணிக்குக் கூடுகிறது. நிலத் தகராறு, வேலை நீக்கம், பையனுக்கு மெடிக்கல் சீட்டு என்று பத்து வருடமாகக் கோர்ட்டு ஏறி இறங்கியவர்கள் கடைசி வாய்தாவுக்கு அதில்தான் போகிறார்கள்.

காலை 6 மணிக்குக் கிளம்பினால் 8.50-க்கு டெல்லி. பெட்டியை எடுத்து வெளியே வர 9.20. மெட்ரோவின் ஆரஞ்சு லைனில் ஏறினால் சுமார் 20 நிமிடத்தில் புதுடெல்லி ரெயில் நிலையம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மார்ச்சில் போனால் நடக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் நடக்காது!

அப்போது டெல்லியில் மூடுபனி. அதிகாலையில் பத்தடி தள்ளி நிற்கும் ஆள் நிழல் மாதிரி தெரிவான். டெல்லி ஓடுபாதையில் 50 மீட்டர் தூரம் தெரிந்தாலே விமானத்தை இறக்கும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் கருவி டெல்லியில் இருந்தால் மட்டும் போதாது. விமானத்திலும் அது வேலை செய்ய வேண்டும். விமானியும் அதற்குத் தனிப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். கிளம்பும் விமானத்துக்கோ 125 மீட்டர் தெரிய வேண்டும். வந்தவை எல்லாம் இறங்கி, போகிறவை போக முடியாமல் நின்றால் டெல்லியில் விமானத்தை நிறுத்த இடம் ஏது? வந்ததைத் திருப்பி விடுகிறார்கள். ஜெய்ப்பூர், லக்னோ, சில நாள் ஆமதாபாத். பைல் கட்டோடு போனவர் ஜெய்ப்பூர் ஓடுபாதை ஓரத்தில் விமானத்துக்குள் உட்கார்ந்து வக்கீலுக்குப் போன் போட்டுக் கொண்டிருப்பார்.

விமானம் மேலே எவ்வளவு நேரம் சுற்றலாம்? ஆசைப்பட்டபடி சுற்ற முடியாது. டெல்லி வரை போக ஒரு கணக்கு, அங்கே இறங்க முடியாவிட்டால் வேறு ஊருக்குப் போக ஒரு கணக்கு, அதற்கும் மேலே அரை மணி நேரம் தாக்குப் பிடிக்க ஒரு கணக்கு என்று எரிபொருளைப் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். சாதாரண ஏர்பஸ் 320 விமானம் ஒரு மணி நேரத்தில் சுமார் இரண்டரை டன் குடிக்கிறது. டேங்கில் கணக்குக் குறைந்ததும் விமானி யாரையும் கேட்க மாட்டார். திருப்பி விடுவார்.

சென்னை மட்டும் சளைத்ததா? 2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி இரவு அடையாறு பெருக்கெடுத்து ஓடுபாதையில் புகுந்தது. நிறுத்தி இருந்த விமானங்கள் தண்ணீரில் நின்றன. விமான நிலையத்தைப் பல நாட்கள் மூட வேண்டியதாயிற்று. அரக்கோணம் கடற்படைத் தளத்தில் இருந்து பயணிகளை அனுப்பினார்கள். 2023-ம் ஆண்டு டிசம்பர் 4-ந்தேதி மிச்சாங் புயலிலும் மூடினார்கள். மறுநாள்தான் திறந்தார்கள். டெல்லியில் பனி விழும் அதே டிசம்பரில்தான் இங்கே புயலும் வருகிறது.

விமானம் நின்றாலும் விமானியின் மணி ஓடும். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை, இத்தனை மணி நேரம் ஓய்வு கட்டாயம் என்று விதி இருக்கிறது. பனி விலகும் வரை உட்கார்ந்திருந்தால் விமானியின் நேரம் முடிந்துவிடும். வேறு விமானி வர வேண்டும். 2025-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், புது ஓய்வு விதிக்கு ஏற்ப ஆள் போதாமல், நாட்டின் பெரிய விமானக் கம்பெனி ஒன்று சில நாட்களில் ஆயிரக்கணக்கான சர்வீசுகளை ரத்து செய்தது. கல்யாணத்துக்குப் போகிறவர்களும், சாவுக்குப் போகிறவர்களும் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள்.

சீக்கிரம் வந்த மர்மம்

"10 நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று மைக்கில் பெருமையாகச் சொல்கிறார்களே, அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அட்டவணை நேரத்துக்கு 15 நிமிடத்துக்குள் வந்தால் 'குறித்த நேரத்தில் வந்தது' என்று கணக்கு. மாதா மாதம் எந்தக் கம்பெனி எத்தனை சதவீதம் நேரத்துக்கு வந்தது என்று பட்டியல் வெளியாகிறது. பட்டியலில் பின்னால் போக யாருக்குத்தான் பிடிக்கும்? ஆகவே டிக்கெட்டில் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு வைக்கிறார்கள். ஜவுளிக்கடையில் விலையை ஏற்றி எழுதி, தள்ளுபடி கொடுப்பது மாதிரிதான்! நெரிசல் இல்லாத நாளில் சீக்கிரம் வந்த மாதிரித் தெரியும். நெரிசல் உள்ள நாளில் தாமதம் வெளியே தெரியாது.

இதனால் பயணிக்கு ஒரு சின்ன நஷ்டமும் இருக்கிறது. விமானம் தாமதமானால் இலவசமாகச் சாப்பாடு, சிற்றுண்டி கொடுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குனரகத்தின் விதி இருக்கிறது. டிக்கெட்டில் உள்ள நேரம் இரண்டரை மணி வரை என்றால், 2 மணி நேரம் தாமதம் ஆனதுமே கொடுக்க வேண்டும். இரண்டரை மணியைத் தாண்டி 5 மணி வரை என்றால், 3 மணி நேரம் தாமதம் ஆக வேண்டும். டெல்லி விமானம் இரண்டாவது வகையில் வருகிறது. பறக்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் முதல் வகையில் வந்திருக்கும். கட்டையில் இருந்து கட்டை வரை கணக்குப் போட்டதால் இட்லி ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விட்டது!

6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், வேறு விமானமோ முழுப் பணமோ கேட்டு வாங்கலாம். பல பேருக்கு இது தெரியாது. கவுண்டரில் கூச்சல் போட்டுவிட்டு, காசு கொடுத்து வடை வாங்கித் தின்றுவிட்டு உட்கார்ந்து விடுகிறார்கள். ஆனால் பனி, புயல் போன்ற காரணத்தால் விமானம் ரத்தானால் நஷ்டஈடு என்று தனியாகக் கேட்க முடியாது.

தாம்பரத்துக்காரர் கணக்கு

தாம்பரத்தில் குடியிருக்கும் ஒருவர் காலை 6 மணி விமானத்துக்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? பெட்டி போடும் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே, அதாவது 5 மணிக்கே, மூடிவிடுகிறார்கள். ஏறும் வாசல் 25 நிமிடம் முன்னால் மூடப்படுகிறது. 24-வது நிமிடத்தில் ஓடி வந்தவரை, விமானம் கண்ணெதிரே நின்றாலும், உள்ளே விடமாட்டார்கள். முதல் மெட்ரோ ரெயில் அப்போது கிளம்பி இருக்காது. ஆட்டோக்காரர் சொன்னதுதான் வாடகை.

3 மணிக்கு வீட்டைப் பூட்டிக் கொண்டு கிளம்பினால், டெல்லியில் போக வேண்டிய இடத்தில் கால் வைக்கும்போது 10 மணி. மொத்தம் 7 மணி நேரம். 1,760 கிலோ மீட்டரை ஏழால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 250 கிலோ மீட்டர். நாகபுரியில் தபால் மூட்டை மாற்றிய டகோட்டாவே இதைவிடக் கொஞ்சம் வேகமாகப் பறந்தது!

டெல்லி கோர்ட்டுக்கு அடிக்கடி போய்வரும் வக்கீல் குமாஸ்தாக்கள் டிசம்பர் 15-க்கு மேல் முதல் விமானத்தில் டிக்கெட் போடுவதே இல்லை. முதல் நாள் மத்தியான விமானத்தில் ஏறுகிறார்கள். மத்தியானம் வெயில் வந்து பனி விலகி இருக்கும். ராத்திரி கரோல்பாக்கில் ஏதாவது ஒரு லாட்ஜில் கம்பளியைப் போர்த்திக் கொண்டு படுத்துவிட்டு, காலையில் ஆட்டோ பிடித்துக் கோர்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். லாட்ஜ் வாடகையை முன்கூட்டியே கட்சிக்காரரிடம் வாங்கி வைத்துக் கொள்கிறார்கள்.